கருங்காலியும் கடைசற்பட்டறையும்

சென்ற ஆண்டு காஞ்சிபுரத்தில் நடைபெற்ற ஒரு நிக்காஹ் வைபவத்திற்கு நாம் சென்றிருந்தோம். விருந்து முடிந்து, அஸருக்கு இன்னும் நேரமிருந்தபடியால் கடைத்தெருவில் உலவிக்கொண்டிருந்தபோது, ஒரு கடையின் வாயிலில் கருநிற மணிமாலைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கக் கண்டோம். அண்மை ஆண்டுகளில் தமிழகமெங்கும் கருங்காலி மாலையின்மீது எழுந்துள்ள மோகத்தை வாசகர் அறிவர். மாலை நமக்கு வேண்டியதன்று. எனினும் கடைக்காரர் 33 மணிகள் கோத்த தஸ்பீஹ் ஒன்றை எடுத்து நீட்டி, "அசல் கருங்காலி பாய்" என்றபோது நம் மனம் சபலித்துவிட்டது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினோம்.

வுளூச் செய்த ஈரம் காயாத விரல்களால், தொழுகைக்குப் பின் அத்தஸ்பீஹை உருட்டி திக்ரை முடித்துவிட்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்தோம். வெள்ளைக் கைக்குட்டை கறுத்துப்போயிற்று. அருகில் அமர்ந்திருந்த பள்ளி இமாம் சிரிப்பை அடக்கிக்கொள்ளப் பெரிதும் பாடுபட்டார். பிறகு அவரே நம்மை நெசவாளர் தெரு ஒன்றின் கோடியிலிருந்த ஒரு கடைசற்பட்டறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே எழுபதைக் கடந்த ஆசாரியார் ஒருவர், நம் தஸ்பீஹை வாங்கி ஒரு குவளைத் தண்ணீரில் இட்டார். மணிகள் மிதந்தன, தண்ணீர் மெல்லக் கறுத்தது.

"சாயம் போறது பட்டுல மட்டுந்தான்னு நெனச்சீங்களா பாய்?" என்றார் அவர்.

பின்னர்ப் பெட்டியொன்றைத் திறந்து, விரற்கடை அளவுள்ள ஒரு கட்டையை எடுத்து அதே குவளையில் போட்டார். அது கல்லைப்போல் அடியில் சென்று தங்கியது. அவருடைய தந்தையார் காலத்துக் கருங்காலி அது. அந்தச் சிறு கட்டையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

கருங்காலி என்னும் பெயரிலேயே ஒரு மயக்கம் உண்டு. தாவரநூலார் டயோஸ்பைரோஸ் எபினம் என்று குறிக்கும் கருமரமும் கருங்காலியே. காசுக்கட்டி எடுக்கப்படும் முள்மரமும் நாட்டு வழக்கில் கருங்காலியே. முன்னதன் வைரம் மையைப்போல் கறுத்திருக்கும். பின்னதன் வைரம் செம்மை கலந்த கபிலநிறம். இரண்டையும் ஒரே பெயரால் விற்பதால் ஏமாற்றுவாருக்கு வேலை எளிதாகிறது. முன்னதையே அரபியர் ஆபனூஸ் என்பர். பண்டை எகிப்தியரிடமிருந்து யவனரும், யவனரிடமிருந்து ஏனையோரும் பெற்ற சொல் அது. மரங்களின் பெயர்கள் மரக்கலங்களைப் போலவே கடல் கடந்தவை. நம் சந்தனம் அரபியில் ஸந்தல் ஆயிற்று. சாயத்திற்கு உதவும் பதிமுகம் அங்கே பக்கம் எனப்பட்டது. தேக்கினை அவர்கள் ஸாஜ் என்றனர். ஆனால் ஐரோப்பியர் நம் தென்னாட்டுச் சொல்லாகிய தேக்கையே போர்த்துகீசியர் வாயிலாகக் கொண்டுசென்று டீக் என்றாக்கினர்.

பெயர் மட்டுமா கடல் கடந்தது? பாரசீக வளைகுடாவின் ஸீராஃப் துறைமுகத்து மாளிகைகள் தேக்காலும் ஸன்ஜ் நாட்டு மரத்தாலும் கட்டப்பட்டிருந்ததைப் பத்தாம் நூற்றாண்டினரான இஸ்தக்ரீ குறித்துவைத்தார். 1183இல் செங்கடற் கரையின் ஐதாப் துறையில் ஹஜ்ஜுப் பயணிகளை ஏற்றிய கலங்களைக் கண்ட இப்னு ஜுபைர், அவற்றின் மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்ததென்றும், ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டதென்றும் எழுதினார். நம் கடற்கரையூர்களின் மரக்காயர் என்னும் பெயர் மரக்கலத்தின் வழி வந்ததென்பார் உளர். மர்கப் என்னும் அரபுச் சொல்லின் வழி வந்ததென்பாரும் உளர். எவ்வழியாயினும் மரத்தை விட்டு அகலவில்லை.

ஆயினும், அயல்நாட்டு மரத்தைத் தேடிச் செல்லாமல் அருகிலிருந்ததைக் கொண்டு செய்த ஒரு பொருளே முஸ்லிம்கள் நினைவில் என்றும் நிலைத்தது. மதீனத்துப் பள்ளியில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஆதியில் ஒரு பேரீச்ச மரத்தண்டின் அருகே நின்றே உரையாற்றி வந்தார்கள். பின்னர் அன்ஸாரிப் பெண்மணி ஒருவரிடம், தச்சு வேலை அறிந்த அவருடைய பணியாளைக் கொண்டு மிம்பர் ஒன்று செய்யச் சொல்லியனுப்பினார்கள். அப்பணியாள் மதீனத்தை அடுத்த ஃகாபா என்னும் காட்டிலிருந்து அஸ்ல் மரத்தை வெட்டி வந்து மூன்று படிகளுடன் அதனைச் செய்தார். ஸஹீஹான ஹதீஸ்களில் மரத்தின் இனமும் வெட்டிய காட்டின் பெயரும் கூடப் பதிவாகியிருத்தல் கருதத்தக்கது. அஸ்ல் என்பது உவர்நிலத்திலும் மணலிலும் வளரும் ஒருவகைச் சவுக்கு போன்ற மரம். தேக்கின் பெருமையோ ஆபனூஸின் ஒளியோ அதற்கில்லை. கைவிடப்பட்ட பேரீச்சந்தண்டு விம்மியழுத வரலாற்றை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் ஓதுகின்றனர். மிம்பரின் மரம் எங்கிருந்து வந்தது என்று நம்மிடம் எந்தப் பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை. நாமும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இனிக் கடைசலுக்கு வருவோம். கடைதல் என்னும் சொல்லைத் தமிழர் தயிருக்கும் வழங்கினர், மரத்திற்கும் வழங்கினர். காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு முளைகளுக்கிடையே கட்டையைப் பொருத்தி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, ஒருவர் மத்துக்கயிற்றை இழுப்பதுபோல் முன்னும் பின்னும் மாறி மாறி இழுக்க, மற்றவர் உளியைப் பிடிப்பார். கட்டை உளியை நோக்கிச் சுழலும் பாதியில் மட்டுமே வெட்டு விழும். திரும்பிச் சுழலும் பாதியில் உளியைச் சற்றே விலக்கிக்கொள்ள வேண்டும். மின்பொறி வருமுன் உலகின் பல நாடுகளில் இதுவே முறை. கடைசற்காரரை அரபியர் கர்ராத் என்பர்.

கெய்ரோ மாநகரின் கர்ராத்துகள் இக்கலையில் அடைந்த உயரத்தை வேறு எவரும் அடைந்திலர் என்பது நம் துணிபு. எகிப்தோ மரவறட்சி மிக்க நாடு. நீண்ட பலகைகள் அங்கே அரிய செல்வம். எனவே அவர்கள் விரலளவும் சாணளவுமான துண்டுகளைக் கடைந்து, உருண்டை ஒன்று, கழி ஒன்று என ஒன்றனுள் ஒன்றைச் செருகி, பசையும் ஆணியும் இன்றி வீட்டின் பலகணிகளை நிறைத்தனர். மஷ்ரபிய்யா என்பது அதன் பெயர். ஒரே பலகணியில் ஆயிரக்கணக்கான துண்டுகள் அமைவதுண்டு. வெயிலில் மரம் சுருங்கினாலும் ஈரத்தில் பருத்தாலும் ஒவ்வொரு பொருத்தும் சிறிது இடங்கொடுப்பதால் முழுச் சட்டம் வெடிப்பதில்லை. தண்ணீர்க் கூசாக்களை அதனுள் வைத்துக் குளிர்வித்தமையால் பருகுதல் என்னும் வேர்ச்சொல்லிலிருந்து அப்பெயர் எழுந்தது என்பர். தரையில் அமர்ந்து, ஒரு கையால் வில்லை இழுத்து, மறு கையால் பிடித்த உளியைக் கால்விரலால் நிலைநிறுத்திக் கடையும் கெய்ரோக் கலைஞனுக்குக் கழிவுக் கட்டை என்று ஒன்று இருந்ததில்லை. பஞ்சமே அவனுக்கு ஆசானாயிற்று.

நம் சோழமண்டலக் கரையின் கதை இதற்கு நேர்மாறானது. இங்கே மரத்திற்குப் பஞ்சமில்லை. பழவேற்காட்டிலிருந்து தெற்கு நோக்கிக் கடலோரமாகச் செல்லும் உலர் பசுமைக் காடுகளில் கருங்காலியும், இரும்பை நிகர்த்த உலக்கைப்பாலையும், வீரையும், காயாவும் செழித்திருந்தன. செங்கற்பட்டுச் சீமையின் குன்றுகளில் பொன்னிறமும் பட்டின் மினுமினுப்பும் கொண்ட புரசு வளர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கொண்டிருந்த நாளில், இக்கரையின் தச்சர்கள் அவர்களுக்காகக் கருங்காலியில் நாற்காலிகளும் கட்டில்களும் செய்தனர். மயிர்க்கால் அளவும் இடம் விடாமல் மலரும் கொடியும் செதுக்கி, கால்களையும் தூண்களையும் முறுக்கிய கயிறுபோல் கடைந்த அப்பொருள்கள் ஐரோப்பா சென்றன.

அங்கே நடந்தது ஒரு வேடிக்கை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹோரஸ் வால்போல் என்னும் ஆங்கிலச் சீமான், கார்டினல் வூல்ஸி முன்பு வாழ்ந்த ஒரு மாளிகையில் இத்தகைய கருங்காலி நாற்காலிகளைக் கண்டார். கண்டவர், இவை டியூடர் மன்னர் காலத்து ஆங்கிலேயப் பழம்பொருள்கள் என்று முடிவு கட்டி, தேடித் தேடி வாங்கித் தம் மாளிகையை நிரப்பினார். அவரைப் பின்பற்றி ஆங்கிலப் பிரபுக்கள் பலரும் வாங்கினர். நம் கடற்கரையின் கடைசற்காரர் கையால் உருண்ட கால்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கிலேயரின் முன்னோர் சொத்தாக மதிக்கப்பட்டன! உண்மை பின்னரே வெளிப்பட்டது. இன்று அவை அருங்காட்சியகங்களில் தம் சொந்தப் பெயரோடு வீற்றிருக்கின்றன. செய்தவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

அந்நாற்காலிகளுக்காக எத்துணைக் கருங்காலி வீழ்ந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அம்மரம் மெல்ல வளர்வது. வைரம் மட்டுமே கறுப்பு. அதனைச் சூழ்ந்த வெளிறு வெண்மையாய்ப் பயனற்றுக் கிடக்கும். உள்ளே வைரம் உடையது மரம், புறத்தே வைரம் உடையது புல் என்று தொல்காப்பியர் அன்றே பிரித்துரைத்தார். தென்னையும் பனையும் அவர் கணக்கில் புல்லே. ஒரு தாளாறு பருத்த கருங்காலியை வீழ்த்தினாலும் உள்ளிருந்து கிடைப்பது தொடையளவு வைரமே. இன்று இந்தியாவும் இலங்கையும் அம்மர ஏற்றுமதிக்குத் தடை விதித்துள்ளன. கரையோரக் காடுகளில் எஞ்சியவை பெரும்பாலும் இந்துச் சகோதரர்களின் கோயிற்காடுகளாகப் போற்றப்பட்டு வந்த சிறு சிறு துண்டுகளே. அஞ்சி வெட்டாமல் விட்டவர்களால்தான் அவை எஞ்சின. இதனை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆசாரியாரின் பட்டறைக்கு மீள்வோம். அவருடைய தந்தையார் பெரும்பாலும் கடைந்தவை தறிக்கு வேண்டிய பொருள்கள். காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கு வேறு நிறம் என்று கோர்வையாக நெய்வதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். மறுபுறம் நாடாவைத் தள்ள ஒரு துணையாளும் வேண்டும். நூல் சுற்றும் கட்டைகளுக்கு மஞ்சட்கடம்பு ஏற்ற மரம். நெருங்கிய இழையுடையது, வழவழப்பாகக் கடையும், பிசிறு எழாது. பட்டிழை மிக மென்மையானது. கட்டையில் ஒரு சிறு பிசிறிருந்தால் அன்றைய நெசவு பாழ். அருமரம் என்றால் விலைமிக்க மரம் என்றே நாம் எண்ணியிருந்தோம். வேலைக்கு ஏற்ற மரமே அருமரம் என்பதை அம்முதியவரிடம் கற்றுக்கொண்டோம்.

பட்டும் கடைசலும் இன்னொரு பொருளிலும் உறவுடையன. அரக்கு என்றால் காஞ்சிப் பெண்களுக்கு ஒரு சேலை நிறம். பட்டறையில் அரக்கு என்பது சுழலும் மரத்தின்மீது அழுத்தப்படும் குச்சி. உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தின்மேல் மெல்லிய தோலாகப் படியும்; பின்பு தாழை மடலால் தேய்க்க, கண்ணாடிபோல் மின்னும். இம்முறையால் புகழ்பெற்ற ஊர் பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையிலுள்ள சென்னபட்டணம். ஷஹீத் திப்பு சுல்தான் பாரசீகக் கலைஞர்களை வரவழைத்து அங்கே இத்தொழிலை ஊன்றினார் என்பது வழிவழிச் செய்தி. பிற்காலத்தில் பவாஸ் மியான் என்பவர் ஜப்பானியரின் முறைகளைப் புகுத்தி அதனை வளர்த்தமையால் சென்னபட்டணப் பொம்மைகளின் தந்தை எனப் போற்றப்படுகிறார். அங்கே அவர்கள் கொண்ட மரம் யாது? நம் காஞ்சிக் குன்றுகளிலும் தானே முளைத்து நிற்கும் வெட்பாலை! தோல் நோய்த் தைலத்திற்கு இலை பறிக்கப்படும் அதே மரம். தந்தம்போல் வெளுத்து, இழை தெரியாமல் உருளும். அதே சுல்தான் 1792இல் சந்தனத்தை அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார். (அரசுக்குரிய மரம் என்பதைப் பிள்ளையார் வீற்றிருக்கும் அரசமரம் என்று ஒரு மாணவர் நம்மிடம் எழுதித் தந்ததுண்டு.) சந்தனம் அரண்மனைக்கு, வெட்பாலை குழந்தைகளுக்கு என்று அந்நாடு பகுத்துக்கொண்டது போலும்.

மரத்தைத் தேர்வதும் வெட்டுவதும் எவ்வாறு என்று கேட்டபோது ஆசாரியார் உற்சாகமானார். அவர் உரைத்தவற்றைத் தொகுத்துத் தருகின்றோம்.

ஆற்றங்கரையில் மதமதவென வளர்ந்த மரம் கண்ணுக்கு அழகு; உள்ளே வெளிறு மிகுதி. பாறையிடுக்கில் பட்டினி கிடந்து வளர்ந்ததே வைரம் பாய்ந்தது. சாய்ந்து வளர்ந்த மரமும் பக்கக் கிளைகளும் கடைசலுக்கு ஆகா. உள்ளே இழுவிசை தங்கியிருப்பதால் அறுத்தவுடன் முறுக்கிக்கொள்ளும். மழை ஓய்ந்து, உயிர்ச்சாறு குறைந்திருக்கும் தை, மாசியில் வெட்ட வேண்டும், அதுவும் தேய்பிறையில். அப்போது வெட்டியதை வண்டு துளைக்காது என்பது அவர் மரபு. துளைக்கும் வண்டு தேடி வருவது வெளிற்றிலுள்ள மாவுச்சத்தையே. அச்சத்துப் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். எனவே மாதக் கணக்கில் பொருளுண்டு. பிறையின் பங்கினைப் பற்றி அவரோடு வாதிட நாம் விரும்பவில்லை. பிறை விவகாரத்தில் நம் சமுதாயத்தில் ஏற்கெனவே போதிய வாதங்கள் இருக்கின்றன.

வெட்டி வீழ்த்திய அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. அடித்துண்டின் இரு முனைகளிலும் சாணமும் சுண்ணாம்பும் குழைத்தோ மெழுகை உருக்கியோ பூச வேண்டும். மரத்தின் ஈரம் பக்கங்களை விட முனைகளின் வழியே மிக விரைவாக வெளியேறும். பூசாவிட்டால் ஒரு வாரத்தில் முனைகள் நட்சத்திரம்போல் வெடித்துவிடும். எனவேதான் தேவைக்கு மேல் ஒரு சாண் நீளம் விட்டு அறுப்பது வழக்கம். அடுத்து, உருளைக் கட்டையை உருளையாகவே உலர விடலாகாது. மரம் தன் வளையத்தின் வழியே சுருங்கும் அளவு, நடுவிலிருந்து புறம் நோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. இவ்விரண்டும் ஒத்துப்போகாமையால் புறத்திலிருந்து நடு வரை ஆப்பு வடிவில் ஒரு பிளவு விழுந்தே தீரும். ஆகவே நடுத்தண்டு இரு பாதிகளுக்கும் சேராதபடி, அதன் இருமருங்கும் அறுத்து நடுவைக் களைந்துவிட வேண்டும். "நடுவு வேணாம் பாய், அது எப்பவும் கலகம் பண்ணும்" என்றார் அவர்.

பெரிய கிண்ணம் போன்ற பொருளாயின் ஈரமாக இருக்கும்போதே பருமனாகக் கடைந்து, மரத்தூளில் புதைத்துச் சில திங்கள் ஆறவிட்டு, கோணியபின் மறுபடியும் கடைவர். தஸ்பீஹ் மணிகளாயின் இழைவாக்கில் நீண்ட சதுரக் குச்சிகளாக அறுத்து நிழலில் அடுக்கி, இடையிடையே காற்றுப்புகக் குச்சி வைத்து, ஓராண்டேனும் காக்க வேண்டும். தடித்த பலகைக்கு ஓர் அங்குலத்திற்கு ஓராண்டு என்பது பழங்கணக்கு. கருங்காலி இவற்றிலெல்லாம் மிகுந்த பிடிவாதக்காரன். அவசரப்பட்டால் உலைக்களத்துக் கண்ணாடிபோல் தெறிக்கும். இப்பெயரைத் தன்னினத்தைக் காட்டிக்கொடுப்பவனுக்கு நாம் வசையாக வைத்தோம். கோடரிக்குக் காம்பாகிக் காட்டையே வெட்ட உதவியது என்பது அம்மரத்தின்மீது சாட்டப்பட்ட குற்றம். காம்பை மாட்டியவன் யார் என்று வசை சொன்னோர் கேட்கவில்லை.

சில மரங்களுக்கு நீரே நல்ல காவல். காற்றுப்புகா நீருக்குள் மரத்தை அரிக்கும் பூஞ்சணம் வாழ இயலாது. அத்தி மரம் தரையில் மென்மையானது, விரைவில் உளுத்துப்போவது. எனினும் கிணற்றின் அடிச்சட்டத்திற்கு அதனையே பழந்தச்சர் விரும்பினர். காஞ்சி வரதராசர் கோயிற் குளத்தில் நீரடியில் இருத்தப்பட்டு 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படும் திருவுருவும் அத்தியாலானதே. 1979லும் 2019லும் எடுக்கப்பட்டபோது ஊரே கடலானதைக் காஞ்சி முஸ்லிம்களும் நினைவு கூர்கின்றனர்.

அடுத்து ஒரு துயரச் செய்தி. காஞ்சியிலிருந்து வடமேற்கே நோக்கினால் திருப்பதி மலைத்தொடர். கடப்பை, சித்தூர், நெல்லூர் முதலிய சீமைகளின் மலைகளிலும், அவற்றையடுத்த தமிழகப் பகுதிகள் சிலவற்றிலும் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது செஞ்சந்தனம் என்னும் செம்மரம். மணமில்லை, ஆயினும் யுனானி ஹகீம்கள் ஸந்தல் ஸுர்க் என்று மருந்திற் சேர்ப்பர். மணமகளுக்கும் குழந்தைக்கும் தரும் மரப்பாச்சிப் பொம்மைகள் தொன்றுதொட்டு இதனாற் செய்யப்பட்டவை. குழந்தை வாயில் வைத்தாலும் தீங்கில்லை, நலமே என்பது தாய்மார் நம்பிக்கை. ஐரோப்பியர் இதனைச் சாயமரமாகக் கொண்டனர். சீனத்து அரசவைத் தளவாடங்களுக்கு மதிப்பளித்த ஸீதான் என்பதும் இம்மரமே என்பர். ஜப்பானியர் தம் ஷாமிஸென் யாழுக்கு அலையலையான இழையுடைய கட்டையைத் தேடினர். அந்த விலைதான் வினையாயிற்று.

சென்னை மாகாண வனச்சட்டம் 1882இல் வந்தது. 1995இல் உலகநாடுகளின் வாணிப உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் சேர்க்கப்பட்டது. அழியும் நிலையிலுள்ள இனங்களுள் ஒன்றாக அது உலகளவில் எண்ணப்படுகிறது. தன் சொந்த நிலத்தில் நட்டவனும் வனத்துறையின் அனுமதியின்றி வெட்டவோ கொண்டுசெல்லவோ இயலாது. ஆனால் திருட்டு வாணிபத்தின் கரங்கள் நீண்டவை. அக்கரங்கள் கோடரியை ஒப்படைத்தது யாரிடம்? சவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கத்து ஏழைக் கூலிகளிடம். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் விடியலில் சேஷாசலம் காட்டில் 20 பேர் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையாயினர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். தாக்க வந்தனர், சுட்டோம் என்றது காவல்துறை; அதனை மனித உரிமை இயக்கத்தினர் மறுத்தனர். எவர் சொல் மெய்யாயினும், அம்மரத்தை வாங்கவிருந்தவர் எவரும் அக்காட்டில் அன்று இல்லை.

பயணிகளும் விலங்குகளும் நிழலுக்கு ஒதுங்கும் பாலைவெளி இலந்தை மரத்தை வீணே வெட்டுவோன் பற்றிய கடும் எச்சரிக்கையை இமாம் அபூதாவூத் பதிவு செய்து, அதன் பொருளையும் தாமே விளக்கியுள்ளார். மக்கா, மதீனா ஹரம் எல்லைகளில் மரம் வெட்டுதல் தடுக்கப்பட்டிருப்பதை யாவரும் அறிவோம். படையெடுத்துச் செல்வோர் கனிமரங்களை வெட்டலாகாதென ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் ஆணையிட்டார்கள். தேவைக்கு வெட்டியது ஃகாபாவின் அஸ்ல். தேவையின்றி வெட்டுவது வேறு. வெட்டி வீணாக்குவது இன்னும் வேறு.

அந்தக் கடைசி வகையில் நாமும் ஒரு குற்றவாளி. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. நாம் அப்போது ஓதிக்கொடுத்து வந்த ஊரின் பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு முதிய மகிழமரம் இருந்தது. பிள்ளைகள் அதன் பூவைக் கோத்து மத்ரஸாவுக்குக் கொண்டுவருவர். அதுவும் சாய்ந்தது. நிர்வாகத்தார் மூன்றாம் நாளே விறகுக் கடைக்காரரை அழைத்து எடைக்கு விற்றனர். வந்த தொகை உடைந்த ஓடுகளை மாற்றவும் போதவில்லை. வக்ஃபின் பொருளை அதன் மதிப்பறிந்து விற்க வேண்டும் என்று ஃபிக்ஹில் பாடம் நடத்தும் நாம் அன்று அருகிலேயே நின்றோம், வாய் திறக்கவில்லை. மகிழின் மதிப்பு நமக்கும் தெரியாது.

இதனை ஆசாரியாரிடம் சொன்னபோது அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். மகிழ் செந்நிற வைரமுடையது, கனமானது, நுண்ணிழையுடையது, மரவாடிகளில் காசு கொடுத்தாலும் கிடைக்காதது என்றார். அளவைக் கேட்டு விரலால் கணக்கிட்டு, "நூறு ஜபமாலைக்குக் குறையாது, உங்க மாலையத்தான் சொல்றேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "வேர்க்கட்டையும் வித்துட்டாங்களா?" என்று கேட்டார்.

வேர்க்கட்டையை விற்கவில்லை, தோண்டக் கூலி மிகுதி என்று விட்டுவிட்டனர். எட்டாண்டுகளாக அது வுளூச் செய்யும் இடத்தருகே மண்ணில் பாதி புதைந்து, செருப்புக் கழற்றும் மேடையாகப் பயன்பட்டு வந்தது. ஊருக்கு மீண்டு முத்தவல்லியிடம் பேசினோம். முதலில் சிரித்தார். விறகு விலைக்கு மூன்று மடங்கு பள்ளிவாசற் கணக்கில் வரவு வைப்பது என்று முடிவாயிற்று. கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்று, ஒரு சிறு வண்டியில் ஏற்றிக் காஞ்சிக்குக் கொண்டுசென்றோம்.

வெளிற்றையெல்லாம் கறையான் தின்று தீர்த்திருந்தது. ஆசாரியார் வாய்ச்சியால் மண்ணையும் மக்கலையும் கொத்தி நீக்க, உள்ளே கறையான் பல் படாத செவ்வைரம் வெளிப்பட்டது. நாடா போட்டு அளந்தார். ஒரு பிளவு நடுவோடு நின்றிருந்தது. பிளவுக்கு இருபுறமும் சுண்ணாம்பால் கோடிட்டு, குச்சிகளை எண்ணினார்: நல்லபடி உலர்ந்தால் பதினான்கு தஸ்பீஹ்கள், மிஞ்சிய துண்டுகளில் பிள்ளைகளுக்குச் சில பம்பரங்கள். முனைகளுக்கு மெழுகு பூசிப் பட்டறையின் வடபுற நிழலில் அடுக்கியாயிற்று.

"தை மாசம் வாங்க பாய்," என்றார். "இந்தத் தை இல்ல, அடுத்த தை."